ரெட்டை அத்தான் தொலைத்த ஒற்றைச் சிரிப்பு

என் அக்கா வீட்டுக்காரரை நாங்கள் வேலை செய்யும் லேப்பில் எல்லோரும் ரெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். உருவத்தைப் பார்த்து வைத்த பெயர் இல்லை, ஆள் ஒல்லிதான். எதை எடுத்தாலும் அவரிடம் இரண்டு இருக்கும், அதனால் வந்த பெயர். சட்டைப் பையில் இரண்டு பேனா, கைப்பையில் இரண்டு குடை, மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றிக்கு மேலே இன்னொரு கண்ணாடி. வீட்டுச் சாவிக்கு எட்டு நகல். ஒன்பதாவது என் வீட்டில் இருக்கிறது, அந்த எட்டும் தொலைந்தால் என்ன செய்வது என்று கொடுத்து வைத்தது. பத்து நிமிடத்துக்கு முன்னால் சொன்னதையே திரும்பவும் சொல்வார். "இப்பதானே சொன்னீங்க அத்தான்" என்றால், "தெரியும், இருக்கட்டும்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எனக்குச் சட்டென்று பற்றிக்கொள்ளும் என்பதால் லேப்பில் என் பெயர் பட்டாசு. அதை நான் மறுக்கவில்லை.

அத்தான் என் அக்காவுக்குக் கொடுத்த காதல் கடிதத்தின் கதையைச் சொன்னால்தான் ஆள் யார் என்று உங்களுக்குப் புரியும். அப்போது அவருக்கு ஒரு டைப்பிங் ஆபீசில் வேலை. இரண்டு பக்கக் கடிதம். கையால் எழுதினால் நகல் இருக்காதே என்று டைப் அடித்திருக்கிறார், நடுவில் கார்பன் பேப்பர் வைத்து. அதோடு விட்டாரா? அக்காவிடம் நீட்டியது அடியில் இருந்த கார்பன் நகலை. மங்கலான ஊதா எழுத்து, எல்லா இடத்திலும் 'அன்பே' என்பது 'அ' வரைக்கும்தான் விழுந்திருந்தது. "ஒரிஜினல் எங்கே?" என்று அக்கா கேட்டதற்கு, "அது பத்திரமா எங்கிட்ட இருக்கு. உங்கிட்ட குடுத்துத் தொலைஞ்சு போச்சுன்னா?" என்றாராம். அப்படிப்பட்ட மனுஷனைக் கட்டிக்கொண்ட என் அக்காவை என்னவென்று சொல்ல! இருபத்துமூன்று வருடமாகியும் அந்த ஒரிஜினலை அவள் கண்ணில் காட்டவில்லை.

நாங்கள் இரண்டு பேரும் வேலை செய்வது பல்செட் செய்யும் லேப்பில். ஊரில் இருக்கும் பல் டாக்டர்கள் நோயாளியின் வாயை ஸ்கேன் எடுத்து எங்களுக்கு அனுப்புவார்கள். அதைப் பார்த்து டிசைன்காரர் கம்ப்யூட்டரில் பல் வரைவார், மெஷின் செதுக்கும், சூளையில் சுட்டு எடுத்தால் கடைசியாக என் மேஜைக்கு வரும். நான் தூரிகையால் சாயம் தீட்டி, மெருகேற்றி, அசல் பல் மாதிரி ஆக்குவேன். ஸ்கேன்களை வாங்கி, ஒழுங்குபடுத்தி, ஆளாளுக்கு அனுப்புவது அத்தானின் வேலை. முகத்தைப் பார்த்தால் அவருக்கு யார் என்று தெரியாது. கடைவாய்ப் பல்லைக் காட்டினால் பெயர், விலாசம் எல்லாம் சொல்லிவிடுவார்.

அவருடைய கம்ப்யூட்டர் திரையில் எப்போதும் ஒரே ஒரு மென்பொருள்தான் திறந்திருக்கும். கோப்பு அனுப்புகிற மென்பொருள். திரை நடுவில் ஒரு கோடு. இடதுபக்கம் அவருடைய கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபோல்டர்கள், வலதுபக்கம் லேப்பின் சர்வரில் இருக்கும் ஃபோல்டர்கள். வலதில் இருப்பதை மவுஸால் பிடித்து இழுத்து இடதில் போட்டால் அங்கே ஒரு நகல் விழும். வலதில் இருந்தது அப்படியே இருக்கும். பதினோரு வருடமாக இழுத்து இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார் அத்தான். இழுப்பார், விடுவார், இரண்டாகிவிடும். உலகத்திலேயே அவருக்குப் பிடித்த காட்சி அதுதான் என்று நினைக்கிறேன்.

ஆரம்பத்தில் ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் ஒரு சின்னப் பெட்டி வந்து, இதைத்தான் செய்யப் போகிறீர்களா என்று கேட்குமாம். அத்தான் எரிச்சல்பட்டு, 'இனிமேல் கேட்காதே' என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டார். சொன்னதையே திரும்பச் சொல்கிற மனுஷனுக்கு, ஒரு மென்பொருள் கேட்டதையே திரும்பக் கேட்டால் பொறுக்கவில்லை பாருங்கள்.

இனி அக்காவுக்கு வருகிறேன்.

என் அக்கா ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வரும் என்று மைக்கில் சொல்கிறவள். அவளுக்கு மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து உண்டு. ஓர் அரிசியை நிறுத்தி வைக்கலாம். 'ச' வருகிற இடத்தில் எல்லாம் அந்தச் சந்து வழியாக மெல்லிய விசில் ஒன்று கிளம்பும். "பயணிகள் கவனத்திற்கு, சற்று நேரத்தில்" என்று அவள் ஆரம்பித்தால், கண்ணை மூடிக்கொண்டிருக்கிறவர்கூட அவள்தான் என்று சொல்லிவிடுவார். மற்ற அறிவிப்பாளர் சொன்னால் நம்பாமல், "விசிலம்மா சொல்லட்டும்" என்று பெஞ்சை விட்டு எழாத பயணிகள் இருந்தார்கள்.

சின்ன வயதில் எங்கள் அம்மா, போட்டோ எடுக்கும்போதெல்லாம் "வாயை மூடு, சந்து தெரியுது" என்று அவளை அதட்டிக்கொண்டே இருப்பாள். அந்தப் பழக்கம் அப்படியே ஒட்டிக்கொண்டது. அவள் கல்யாண போட்டோ உட்பட எதிலும் அக்கா வாயைத் திறந்திருக்க மாட்டாள். ஆனால் வீட்டில் சிரித்தால் மொத்தப் பல்லும் தெரியும். அந்தச் சிரிப்பைப் பார்ப்பதற்காகவே அத்தான் அசட்டு ஜோக் ஒன்றை இரண்டு தடவை சொல்வார்.

போன வருடம் அக்காவுக்கு ஈறு கெட்டு, முன்பல் நான்கும் ஆட ஆரம்பித்தன. எடுத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா அழவில்லை. ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள்.

"எடுத்துக்குங்க டாக்டர். ஆனா புதுப்பல் இதே மாதிரிதான் வேணும். அதே சந்து, அதே அளவு. சந்தை அடைச்சுக் கிடைச்சு அழகு பண்ணினீங்கன்னா நான் வாயையே திறக்க மாட்டேன்."

டாக்டர் பல்லை எடுப்பதற்கு முன்னால் ஸ்கேன் எடுத்தார். 'பழைய பற்கள்' என்று ஃபோல்டருக்குத் தலைப்பு வைத்து எங்கள் சர்வருக்கு அனுப்பினார். அனுப்பிய கையோடு தன் கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்துவிட்டார். அங்கே ரெட்டை இருக்கிறாரே, நாம் எதற்கு இடத்தை அடைக்க வேண்டும் என்ற நம்பிக்கை. மறுநாள் பல் நான்கும் போயின. ஈறு ஆற இரண்டு மாதம் ஆகும், அதன்பிறகுதான் புதுப்பல் என்றார்கள். தற்காலிகமாக ஒரு செட் கொடுத்தார்கள். அக்கா அதை ஒரு தடவை மாட்டிக் கண்ணாடியில் பார்த்தாள். பொம்மைக் கடையில் வாங்கினது மாதிரி இருக்கிறது என்று கழற்றி டப்பாவில் போட்டவள்தான். லீவு எழுதிக்கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தாள். வாய்க்கு முன்னால் கைக்குட்டை, பேசுவதற்கு ஒரு நோட்டும் பேனாவும். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் எழுதித்தான் காட்டினாள். ரயில் நிலையத்தில் அவளுக்குப் பதிலாகப் பதிவு செய்த குரல் ஒன்றை ஓடவிட்டார்கள்.

'பழைய பற்கள்' வந்து சேர்ந்த அன்று அத்தானுக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. இருப்பது ஒன்றே ஒன்று. உடனே நகல் எடுத்தாக வேண்டும். பிடித்து இடதுபக்கம் இழுத்தார். 'இடம் இல்லை' என்றது கம்ப்யூட்டர். எப்படி இருக்கும்? பதினோரு வருடத்து நகல்கள், அந்த நகல்களுக்கு நகல்கள். ஊரில் பாதிப் பேருடைய வாய் அதற்குள் இரண்டு இரண்டாகக் கிடந்தது. சரி, சர்வரிலேயே இன்னொரு நகல் போட்டுக்கொள்வோம் என்று வலதுபக்கத்திலேயே 'பத்திரம்' என்று புதிதாக ஒரு ஃபோல்டர் உண்டாக்கினார். வலதுபக்கத்தில் இருந்த அக்கா பல்லைப் பிடித்து, வலதுபக்கத்திலேயே இருந்த 'பத்திரம்' மேல் போட்டார். போட்ட அவசரத்தில் விரல் ஒரு வரி கீழே இறங்கிவிட்டது. எங்கே விழுந்தது என்று பார்க்கவில்லை. தவறி விழுந்தால் என்ன, அசல்தான் அங்கேயே இருக்குமே! லேப் முதலாளியம்மா கூப்பிட்டார், எழுந்து போய்விட்டார். அத்தோடு அந்தப் பல்லை மறந்தும் போனார். இரண்டு இருக்கும் பொருளைப் பற்றி அவர் கவலைப்படுவதே கிடையாது.

இரண்டு மாதம் கழித்து ஈறு ஆறியது. டாக்டர் போன் பண்ணினார். "பழைய பற்களை எடுத்து வேலையை ஆரம்பிங்க."

அத்தான் சர்வரில் ஸ்கேன்கள் வந்து விழும் 'வந்தவை' ஃபோல்டரைத் திறந்தார். இல்லை. 'பத்திரம்' திறந்தார். காலி. அப்போது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், பேயறைந்தது மாதிரி ஆகிவிட்டது. இரண்டு கண்ணாடியையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு தேடினார். அன்று முழுவதும் சாப்பிடவில்லை. இடதுபக்கம் இருந்த அத்தனை நகலையும் திறந்து பார்த்தார். யார் யாருடைய கடைவாயோ இரண்டு இரண்டாக வந்தது. அக்காவுடையது மட்டும் இல்லை.

முதலாளியம்மா கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவரைக் கூப்பிட்டார். அவர் வந்து நிதானமாக விஷயத்தைக் கேட்டார்.

"சார், அந்தப் பக்கத்துல இருந்து இந்தப் பக்கத்துக்கு இழுத்தா காப்பி ஆகும். ஒரே பக்கத்துக்குள்ள இழுத்தா மூவ் ஆகும். அதாவது, இருந்த இடத்தைக் காலி பண்ணிட்டுப் போயிடும். கன்ட்ரோல் கீயை அழுத்திக்கிட்டு இழுத்தாத்தான் ரெண்டாகும்."

"இழுக்கறது ஒண்ணுதானே சார்? ஒரே மவுஸ், ஒரே விரல்!"

"விரல் ஒண்ணுதான். போற தூரம் வேறல்ல? பக்கத்து ரூமுக்கு நாற்காலியைத் தூக்கிட்டுப் போறீங்க, அங்க ஒண்ணு இங்க ஒண்ணுன்னு ரெண்டாவா ஆகுது?"

"இது நாற்காலி இல்ல சார், என் சம்சாரத்தோட பல்லு!"

"எங்கயோ ஒரு நோயாளியோட ஃபோல்டருக்குள்ள விழுந்திருக்கும். முடிஞ்ச வேலையெல்லாம் என்ன பண்ணுவீங்க?"

முதலாளியம்மா தலையைச் சொறிந்தார். "முப்பது நாளுக்கு ஒருதடவை நானே அழிச்சிடுவேன். சர்வர்ல இடம் வேணுமே."

அவர் ஒரு மணிநேரம் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார். "மீட்க முடியல. அதுக்கு மேல வேற கோப்பு எழுதியாச்சு. அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு அவர் பையை மூடினார்.

நான் சும்மா இருப்பேனா? "குடைக்குக் குடை வெச்சிருக்கீங்க, பேனாவுக்குப் பேனா வெச்சிருக்கீங்க! உலகத்துல யாருக்கும் வேண்டாத வாய்க்கெல்லாம் ரெண்டு காப்பி! கட்டின பொண்டாட்டி பல்லை ஒருதடவை திரும்பிப் பார்க்கத் தோணலையா உங்களுக்கு?" லேப் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். அத்தான் சட்டைப் பையிலிருந்த இரண்டு பேனாவில் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். எதற்கு என்று அவருக்கே தெரிந்திருக்காது. பாவமாகத்தான் இருந்தது, ஆனாலும் நான் கத்துவதை நிறுத்தவில்லை.

வீட்டுக்குப் போய் அக்காவிடம் சொன்னோம். சொன்னோம் என்ன, அத்தான்தான் சொன்னார், நான் துணைக்கு நின்றேன். அக்கா முழுவதையும் கேட்டாள். நோட்டை எடுத்து நிதானமாக எழுதி அவர் பக்கம் திருப்பினாள்.

'இதுக்கு மட்டும் காப்பி எடுக்கலையா?'

அவ்வளவுதான். நோட்டை மூடிவிட்டு உள்ளே போனாள். அத்தான், ஞாபகத்தில் இருப்பதை வைத்துச் செய்யலாமே என்று மெழுகில் ஏழெட்டு மாதிரி செய்து கொண்டுபோனார். ஒவ்வொன்றையும் அக்கா கண்ணாடிமுன் வைத்துப் பார்த்துத் தலையை ஆட்டினாள். ஒன்றில் சந்து அகலம், ஒன்றில் கோணல், ஒன்றில் விசிலே வரவில்லை, இன்னொன்றில் குக்கர் மாதிரி வந்தது. புதுப்பல் வராமல் அவள் மைக் முன்னால் உட்காரப் போவதில்லை. அதற்குள் நிலையத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. மாதக் கடைசிக்குள் வேலையில் சேராவிட்டால் பதிவுக் குரலையே நிரந்தரமாக்கிவிடுவார்களாம். மாதக் கடைசிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

இந்த நேரத்தில் எனக்கு டிரைவிங் டெஸ்ட்.

எனக்கு அது நான்காவது டெஸ்ட். முந்தைய மூன்றிலும் ஒரே அதிகாரிதான் ஃபெயில் போட்டார். ஊரே அவரைச் சிடுமூஞ்சி என்றுதான் சொல்லும். மேல்வரிசையில் முன்பல் இல்லாத ஆள். அதனாலோ என்னவோ வாயை இறுக்கி மூடிக்கொண்டு, 'வலது', 'இடது', 'ஃபெயில்' என்ற மூன்று வார்த்தையிலேயே வாழ்க்கையை ஓட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து சீட்டில் அவர் உட்கார்ந்தால் போதும், எனக்குக் கியர் எது, கதவுக் கைப்பிடி எது என்று தெரியாது.

அன்றைக்குக் காருக்குள் ஏறியவர், "வாம்மா, பயப்படாம ஓட்டு" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று தடவையாக நான் கேட்காத குரல். சரி, நம் நேரம் நன்றாக இருக்கிறது என்று வண்டியை எடுத்தேன். இரண்டு தெரு தாண்டினோம். ஒரு திருப்பத்தை நான் அழகாகத் திரும்பியதும், "சபாஷ்!" என்றார்.

விசில் வந்தது.

நான் திரும்பிப் பார்த்தேன். மனுஷன் சிரித்துக்கொண்டிருந்தார். வாய் நிறைய, பல் நிறைய. நடுவில் ஓர் அரிசி நிற்கும் அளவுக்குச் சந்து. கொத்து மீசைக்குக் கீழே என் அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள்!

நடுரோட்டில் பிரேக்கை மிதித்தேன். பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்தன.

"சார், இன்னொருதடவை சிரிங்க!"

"என்னம்மா ஆச்சு உனக்கு? வண்டியை எடு!"

"சிரிச்சாத்தான் எடுப்பேன். சார், அது உங்க சிரிப்பு இல்ல. எங்க அக்கா சிரிப்பு!"

அவர் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். அந்தக் கண்ணில் ஒரு பயம் தெரிந்தது. "இது நான் லேப்ல செஞ்சு வாங்கினது" என்றார் கைக்குள்ளிருந்து.

எந்த லேப் என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. 'பத்திரம்' ஃபோல்டருக்கு ஒரு வரி கீழே இருந்தது இவருடைய ஃபோல்டர். இவர் ஃபோல்டருக்குள் 'பழைய பற்கள்' என்று ஒன்று கிடந்தால் டிசைன்காரர் என்ன நினைப்பார்? இவருடைய பழைய பற்கள் என்றுதான் நினைப்பார். பார்த்து, அப்படியே வரைந்துவிட்டார். மெஷின் செதுக்கியது, சூளை சுட்டது. கடைசியில் மெருகேற்றியது யார்? நான்தான்! இரண்டு மணிநேரம் அந்த நான்கு பல்லையும் கையில் வைத்துத் தீட்டியிருக்கிறேன். 'எங்கேயோ பார்த்த பல்லா இருக்கே' என்று நினைத்தது கூட ஞாபகம் வந்தது. கூடப் பிறந்தவளின் சிரிப்பு கையில் இருந்தும் தெரியாமல், பார்சல் பண்ணி அனுப்பிவிட்டு அத்தானைப் போய்க் காய்ச்சி எடுத்திருக்கிறேன். எனக்கே என்னை இரண்டு சாத்து சாத்தலாம் போலிருந்தது.

அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே வந்தார். முடிவில், "அப்ப இதைத் திருப்பிக் கேட்பீங்களா?" என்றார்.

"சார்..."

"இல்லம்மா, கேளு. முப்பது வருஷமா ஜனங்க என்னைப் பார்த்தா நடுங்குவாங்க. இந்த ரெண்டு மாசமாத்தான் என்னைப் பார்த்துச் சிரிக்கறாங்க. என் பேத்தி மடியில வந்து உட்கார்றா. எதிர்வீட்டுக்காரர் வணக்கம் சொல்றார். இதைக் கழட்டி எப்படிம்மா குடுப்பேன்?"

"கழட்டிக் குடுக்க வேணாம் சார். பத்து நிமிஷம், ஸ்கேன் பண்ணிட்டு உங்ககிட்டயே தந்துடுவோம். காப்பிதான். சத்தியமா காப்பிதான்!"

மறுநாள் மாலை அவர் லேப்புக்கு வந்தார். அத்தான் வாசலிலேயே காத்திருந்தார். வந்தவரின் முகத்தைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்தார். "சார், கொஞ்சம் சிரிங்களேன்" என்றார். அவர் கூச்சத்தோடு சிரித்தார். அத்தானுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டது. ஒரு டிரைவிங் அதிகாரியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, இரண்டு மாதம் கழித்துப் பெண்டாட்டியைப் பார்த்தவர் மாதிரி நின்றார். அதிகாரி, "ஏம்மா, இவரு நல்லா இருக்காரா?" என்று என்னைக் கேட்டார்.

ஸ்கேன் முடிந்து கோப்பு சர்வரில் விழுந்தது. இப்போது அதற்கு நகல் எடுக்க வேண்டும். முதலாளியம்மா, டிசைன்காரர், பழுது பார்ப்பவர், நான், பல்லைத் திரும்ப மாட்டிக்கொண்ட அதிகாரி என்று ஐந்து பேரும் அத்தானின் நாற்காலியைச் சுற்றி நின்றோம். அத்தான் கன்ட்ரோல் கீயை இடதுகையால் அழுத்தினார். அது நழுவிவிடப் போகிறதே என்று என்னை அந்தக் கைமேல் கை வைத்து அழுத்தச் சொன்னார். இழுத்தார். விட்டார்.

"இருக்கா?" என்றார் கண்ணை மூடிக்கொண்டு.

"ரெண்டு இருக்கு அத்தான்."

"இன்னொருதடவை பாரு."

"ரெண்டு இருக்கு!"

அதன்பிறகு பழைய நகல்களை அழித்து இடம் பண்ணித் தன் கம்ப்யூட்டரில் ஒன்று, முதலாளியம்மா கம்ப்யூட்டரில் ஒன்று, மூன்று பென்டிரைவில் மூன்று என்று போட்டுக்கொண்டே போனார். பழுது பார்ப்பவர், "போதும் சார், ஒரு வாய்க்கு இவ்வளவு போதும்" என்று மவுஸைப் பிடுங்கிக்கொண்டார். 'இனிமேல் கேட்காதே' என்ற டிக்கை எடுத்துவிட்டுத்தான் போனார். இப்போது அந்தப் பெட்டி ஒவ்வொரு முறையும் கேட்கிறது. அத்தானும் ஒவ்வொரு முறையும் வாய்விட்டுப் பதில் சொல்கிறார்.

நான்கு பல்லையும் நானே மெருகேற்றினேன். இந்தத் தடவை யாருடையது என்று தெரிந்து செய்தேன். மாதக் கடைசிக்கு இரண்டு நாள் இருக்கும்போது டாக்டர் அக்காவுக்குப் பொருத்தினார். அக்கா கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தாள். நாக்கால் சந்தைத் தொட்டுப் பார்த்தாள். நோட்டைத் தேடாமல் வாயைத் திறந்து, "சரியா இருக்கு" என்றாள். விசில் வந்தது. நர்ஸ் கைதட்டினாள்.

அக்கா வேலைக்குத் திரும்பிய முதல் நாள் நாங்கள் மூவரும் நடைமேடையில் நின்றோம். நான், அத்தான், அந்த அதிகாரி. அவரும் வருகிறேன் என்று கேட்டுக்கொண்டு வந்தார். "பயணிகள் கவனத்திற்கு, சற்று நேரத்தில்" என்று ஆரம்பித்ததும் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தவர்கள் அண்ணாந்து ஒலிபெருக்கியைப் பார்த்தார்கள். "அட, விசிலம்மா!" என்றார் ஒருவர். அதிகாரி தன் பல்லைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, அக்காவின் அதே சிரிப்போடு, "நடுரோட்டுல பிரேக் போட்டேல்ல, அதனால அந்த டெஸ்ட் ஃபெயில்தாம்மா" என்றார். அவ்வளவு அழகாக யாரும் என்னை ஃபெயில் ஆக்கியதில்லை.

அன்று வீட்டுக்கு வந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம். அத்தான் அலமாரியைத் திறந்து, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு பிளாஸ்டிக் உறை போட்ட எதையோ எடுத்து வந்தார். அக்காவின் முன்னால் வைத்தார். டைப் அடித்த இரண்டு பக்கம், பளிச்சென்ற கறுப்பு எழுத்து. அந்தக் கடிதத்தின் ஒரிஜினல்.

அக்கா அதைத் தொடாமல் அவரைப் பார்த்தாள். "எதுக்கு?"

"உங்கிட்டயே இருக்கட்டும்."

"கார்பன் நகலைத் திருப்பித் தரணுமா?"

"வேணாம். அதையும் நீயே வெச்சுக்கோ."

"அப்ப உங்ககிட்ட?"

"எங்கிட்ட ஒண்ணும் இல்ல. நகல் எடுக்கல."

நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன். அக்கா கடிதத்தைப் பிரித்து முதல் வரியைப் படித்தாள். 'அன்பே' முழுசாக விழுந்திருந்தது. இருபத்துமூன்று வருடம் கழித்து அந்த வார்த்தையை இப்போதுதான் கடைசி எழுத்து வரைக்கும் பார்க்கிறாள். கொஞ்சநேரம் அதிலேயே விரலை வைத்திருந்தாள்.

"தொலைஞ்சு போச்சுன்னா?" என்றாள்.

அத்தான் பையில் கைவிட்டுப் பேனாவைத் தேடினார். ஒரே ஒரு பேனாதான் இருந்தது.

"தொலைஞ்சா மறுபடி எழுதித் தரேன்" என்றார்.

அக்கா சிரித்தாள். மொத்தப் பல்லும் தெரிந்தது.